கருஞ்சீரகம் வலியைக் குறைக்குமா? ஆய்வுகளை எப்படிப் படிப்பது

எங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போன ஆடியிலிருந்து கருஞ்சீரக எண்ணெய் விற்கிறோம். விதை நம்ம பக்கம் விளைவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் இயற்கை முறையில் சாகுபடி செய்கிற ஒரு குழுவிடம் மூட்டையாக வாங்கி, மரச்செக்கில் ஆட்டி, 100 மில்லி பாட்டிலில் அடைக்கிறோம். லேபிளுக்கு வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கைப்பேசியில் பத்து நிமிடம் தேடினேன். "மூட்டுவலி, வீக்கம், மன அழுத்தம் தீர்க்கும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சடித்து ஒட்டியாச்சு. நல்ல விற்பனை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்களிடம் வாடிக்கையாகக் காய்கறி வாங்கும் அக்கா ஒருவர் வந்தார். முடக்குவாதத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றைக்கு விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய், துணிப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். விரலால் பிடிக்க முடியவில்லை. "எண்ணெய் இருக்கேன்னு மாத்திரைய நிறுத்திட்டேன் தம்பி. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று ராத்திரி தோன்றியது.

மறுநாளே மிச்சமிருந்த லேபிள்களைக் கிழித்தோம். பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்கிறார்களே, அந்த ஆய்வு எது, எதை வைத்து, யார் மேல் செய்தது என்று தேடிப் படித்தேன். மருந்தியல் படித்த எங்கள் உறவுக்காரப் பெண் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. அதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு ஞாயிறு பேசினோம். மற்ற குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதை எது?

கருஞ்சீரகம் என்று பெயரில் சீரகம் இருந்தாலும் அது சீரகத்துக்குச் சொந்தமே இல்லை. சீரகம், சோம்பு, ஓமம், கொத்தமல்லி எல்லாம் கேரட் குடும்பம். கருஞ்சீரகம் வேறு குடும்பம். அறிவியல் பெயர் நைஜெல்லா சட்டைவா. வடக்கே 'கலோஞ்சி' என்பார்கள். நான் ரொட்டி மேல் தூவுவதும், வங்காளிகள் தாளிப்புக்குப் போடும் ஐந்து விதைக் கலவையில் சேர்ப்பதும் இதுதான். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கம் குளிர்காலப் பயிர். அஜ்மீரில் இருக்கும் விதை நறுமணப் பயிர்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இதில் தனி ரகமே வெளியிட்டிருக்கிறது.

கடையில் குழப்பம் நிறைய. 'காலா ஜீரா' என்று கேட்டால் பிரியாணிக்குப் போடும் ஷாஜீராவையும் தருவார்கள், கருஞ்சீரகத்தையும் தருவார்கள். நம்ம நாட்டு மருந்துக் கடையில் இருக்கும் காட்டுச்சீரகம் மூன்றாவது சரக்கு. மேல்தோல், சத்து, குணம் எல்லாமே வேறு. எல்லாவற்றையும் விட மோசமானது வெங்காய விதை. அதுவும் கறுப்பு, அதுவும் முனை முனையாக இருக்கும். விதைப்புக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து வைத்த வெங்காய விதை சமையல் சரக்கோடு கலந்தால் என்ன ஆகும் என்று உழவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையில் பத்து விதை வைத்து நசுக்கிப் பாருங்க. கருஞ்சீரகம் ஓமமும் மிளகும் சேர்ந்த மாதிரி காட்டமாக மணக்கும், நாக்கில் கசக்கும். வெங்காய விதையில் அந்தக் காட்டம் வராது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஆய்வுக்கட்டுரையைப் படிக்கும்போதும் முதல் கேள்வி இதுவேதான்: எதைக் கொடுத்தார்கள்? முழு விதைப் பொடியா, தண்ணீரில் ஊறவைத்த சாறா, சாராயத்தில் இறக்கிய சாறா, செக்கெண்ணெயா, ஆவியில் வடித்த வாசனை எண்ணெயா, இல்லை அதிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைப் பொருளா? விதையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாதாரண எண்ணெய் இருக்கிறது. வாசனை எண்ணெய் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அந்த வாசனை எண்ணெயில் இருக்கும் தைமோகுயினோன் என்ற பொருளைத்தான் எல்லா ஆய்வும் சுற்றி வருகிறது. எகிப்தில் 1963இல் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இதன் அளவு ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண், வைத்திருக்கும் விதத்துக்கு விதம் பல மடங்கு மாறும். வெளிச்சம் பட்டால் கெடும். நாங்கள் விற்றதோ வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில், வெயிலில் மேசை போட்டு. ஆய்வில் வேலை செய்த பொருள் எங்கள் பாட்டிலில் இருந்ததா என்பதையே நாங்கள் அளந்து பார்க்கவில்லை.

எலியிடம் வலியைக் கேட்பது எப்படி?

"உனக்கு வலிக்குதா?" என்று எலியைக் கேட்க முடியாது. அதனால் வலியை நேரமாகவோ எண்ணிக்கையாகவோ மாற்றி அளக்கிறார்கள். 55 டிகிரி சூட்டில் ஒரு தட்டு. அதன் மேல் சுண்டெலியை விட்டால் சில நொடிகளில் பாதத்தை நக்கும், இல்லாவிட்டால் குதிக்கும். மருந்து கொடுத்த எலி எத்தனை நொடி கூடுதலாகத் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பாதம் வெந்துபோகாமல் இருக்க ஒரு உச்ச நேரம் வைத்து எடுத்துவிடுவார்கள். இன்னொன்றில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை வயிற்றில் ஊசி போட்டு, எலி எத்தனை தடவை உடலை முறுக்குகிறது என்று எண்ணுவார்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. எனக்கு இது ஒப்பவில்லை. ஆனாலும் நாம் லேபிளில் 'நிரூபிக்கப்பட்டது' என்று பெருமையாக எழுதும் சொல்லுக்குள் இந்த எலிகள்தான் இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வீக்கத்துக்கு வேறு முறை. எலியின் பின்னங்காலில் காரஜீனன் என்ற பொருளைச் சொட்டளவு ஊசி போடுவார்கள். மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் பாதம் நன்றாக வீங்கும். அந்தக் காலைத் திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் மேலேறுகிறது என்று பார்த்து வீக்கத்தை அளப்பார்கள். 1962இல் வந்த முறை, இன்றுவரை உலகம் முழுக்க இதுதான். இந்தக் காரஜீனன் வேறெதுவும் இல்லை, கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் பெண்கள் வளர்க்கிறார்களே காப்பாபைகஸ் பாசி, அதிலும் எடுப்பது இதுதான். சாப்பாட்டில் கெட்டியாக்கச் சேர்க்கிற அதே பொருள், தோலுக்கடியில் ஊசியாகப் போனால் வீக்கத்தைக் கிளப்புகிறது. வாய் வழியாகப் போவதும் ஊசி வழியாகப் போவதும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல உதாரணம். 'எலிக்கு ஊசி போட்டதில் வேலை செய்தது' என்று படித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருஞ்சீரகம் இந்தச் சோதனைகளில் எப்படி நின்றது? நன்றாகவே நின்றது; அதை மறைக்க வேண்டியதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 1995இல், எலியின் வெள்ளை அணுக்களில் வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உருவாவதை இந்த எண்ணெயும் தைமோகுயினோனும் தடுப்பதைக் காட்டினார்கள். வலி மாத்திரைகள் பல அடைப்பதும் அதே வழியைத்தான். ஜப்பானில் 2000இல் வெளியான ஆய்வில், எண்ணெயை வாய்வழி கொடுத்த சுண்டெலிகள் சூட்டுத் தட்டிலும் அமிலச் சோதனையிலும் வலியைக் கூடுதலாகத் தாங்கின. அவர்கள் அதோடு நிற்கவில்லை. எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று தெரியாவிட்டால் நாம் ஒரு மடையை அடைத்துப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மார்ஃபின் வேலை செய்யும் வழியை அது அடைத்துவிடும். அடைத்ததும் எண்ணெயின் வலி குறைக்கும் சக்தி மறைந்தது. உடம்பே வைத்திருக்கும் வலிநிவாரண வழியை இந்த எண்ணெய் தூண்டிவிடுகிறது போல என்று முடிவுக்கு வந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சவுதி அரேபியாவில் 2001இல் வந்த ஆய்வு. நம்ம வீட்டில் செய்வது போலவே, நொறுக்கிய விதையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். பாத வீக்கம் குறைந்தது. சூட்டுத் தட்டில் தாங்கும் நேரம் கூடியது. காய்ச்சல்? குறையவே இல்லை. அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். "கருஞ்சீரகம் சாவைத் தவிர எல்லாத்துக்கும் மருந்து" என்று ஊர் ஊராகச் சொல்லப்படுகிற பேச்சுக்கு நடுவில், 'இதுக்கு வேலை செய்யல' என்று சொல்லும் ஆய்வுதான் நம்பத் தகுந்தது. எல்லாமே சாதகமாக வந்த கட்டுரையைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது.

எலிக்கும் நமக்கும் நடுவில் உள்ள தூரம்

ஐந்து மணி நேர வீக்கம் வேறு, இருபது வருடமாகத் தேய்ந்த முழங்கால் வேறு. முடக்குவாதம் இரண்டிலும் சேராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டைத் தாக்கும் நோய் அது. எலியின் பாதத்தில் குறைந்ததை வைத்து இந்த மூன்றுக்கும் சேர்த்து 'மூட்டுவலி தீரும்' என்று எழுதியது, வாழைக்கு வேலை செய்ததை நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் அளவு பார்க்காமல் தெளித்த மாதிரி.

அளவையும் பாருங்க. ஜப்பான் ஆய்வில் அதிகபட்சம் எடை கிலோவுக்கு 400 மில்லிகிராம் எண்ணெய். 60 கிலோ மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 24 கிராம். யாராலும் குடிக்க முடியாது. ஆனால் அப்படிப் பெருக்கவும் கூடாது. சுண்டெலி உடம்பு வேகமாக எரிக்கும் உடம்பு என்பதால், மனிதருக்கு மாற்றும்போது ஏறக்குறைய 12ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 33 மில்லிகிராம், அதாவது ஒரு நாளைக்கு 2 கிராம் எண்ணெய். விதைக் கணக்கில், எண்ணெய் முழுசும் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டாலே 6 கிராம். ரசத்தில் தாளிக்கும் சிட்டிகை எங்கே, இது எங்கே! இந்தக் கணக்கும் ஆய்வு தொடங்குவதற்கான உத்தேசம்தான். அந்த அளவு குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

மனிதர்களிடம் பார்த்தது

நம்ம வயலில் ஒரு கரைசலைச் சோதிக்கிறோம் என்றால் என்ன செய்வோம்? பாதிப் பாத்திக்குத் தெளித்து, பாதியை விட்டுவைப்போம். விவரமானவர் விட்டுவைத்த பாதிக்கு வெறும் தண்ணீர் தெளிப்பார். ஈரத்தால் வந்த பலனையும் கரைசலால் வந்த பலனையும் பிரிக்க. இன்னும் விவரமானவர் எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார். இல்லாவிட்டால் மனசு தானாகவே நல்ல மண் பக்கம் கரைசலைக் கொண்டுபோகும். மருந்துச் சோதனையில் வெறும் தண்ணீருக்குச் சமம் போலி மாத்திரை. மனிதரிடம் இது இன்னும் முக்கியம். மார்கழிப் பனியில் உச்சத்துக்குப் போன வலி பங்குனியில் எப்படியும் இறங்கும். நாம் மருந்து தேடி ஓடுவது உச்சத்தில் இருக்கும்போதுதானே? பிறகு இறங்கியதற்கெல்லாம் மருந்துக்குப் பெயர்.

எகிப்தில் 2012இல் வெளியான ஆய்வு அக்காவின் நோயைப் பற்றியதே. முடக்குவாதம் உள்ள 40 பெண்கள். முதல் மாதம் போலிக் குப்பி மாத்திரை, அடுத்த மாதம் 500 மில்லிகிராம் கருஞ்சீரக எண்ணெய் தினம் இரண்டு வேளை. 28 மூட்டுகளில் வலி, வீக்கம், ரத்தப் பரிசோதனை, நோயாளி சொல்வது எல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். 5.1க்கு மேல் என்றால் நோய் கடுமை, 2.6க்குக் கீழ் வந்தால் நோய் அடங்கியது. போலி மாத்திரையில் மதிப்பெண் நகரவில்லை. எண்ணெய் மாதத்தில் 4.98 என்பது 4.55 ஆனது. குறைந்தது உண்மை. ஆனால் மூட்டு மருத்துவர்களின் கணக்கில் 0.6க்கு மேல் இறங்கினால்தான் 'மருந்து கேட்கிறது' என்றே சொல்வார்கள். இங்கே இறங்கியது 0.43. எல்லோருக்கும் ஒரே வரிசையில், முதலில் போலி, பிறகு எண்ணெய், குலுக்கல் இல்லை. இதைவிட முக்கியம், அந்தப் பெண்கள் தங்கள் வழக்கமான முடக்குவாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் எண்ணெயையும் எடுத்தார்கள். ஆய்வாளர்களே 'மருந்தோடு கூடுதலாக' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் பத்து நிமிடத்தில் தேடியபோது என் கண்ணில் படாத வரி அது.

அக்காவுக்கு முதல் மாதம் நன்றாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. அந்த வகை மாத்திரைகள் வேலையைத் தொடங்கவே பல வாரம் எடுக்கும். நிறுத்தினாலும் உடனே போய்விடாது. போன போகத்துக்கு அடியுரமாகப் போட்ட தொழுவுரம் இந்தப் போகத்துக்கும் கொஞ்சம் கொடுப்பது மாதிரி. மாத்திரையின் மிச்சம் வேலை செய்தது, எண்ணெய் பெயர் வாங்கியது.

மூட்டுத் தேய்மானத்துக்கு ஈரானில் 2016இல் ஒன்று வந்தது. வயதானவர்களின் முழங்காலில் எண்ணெயைத் தினம் மூன்று வேளை, மூன்று வாரம் தடவினார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு மூன்று வாரம் பாராசிட்டமால் கொடுத்தார்கள். இரண்டிலும் வலி குறைந்தது, எண்ணெயில் கூடுதலாகக் குறைந்தது. நமக்குச் சந்தோஷமான செய்திதான். ஆனால் கொடுத்தது 325 மில்லிகிராம் மாத்திரை, குறைந்த அளவு. முழங்காலில் தடவுவது எண்ணெயா, வாயில் போடுவது மாத்திரையா என்பது யாருக்கும் தெரியாமல் இருக்காது. மூன்று வேளை ஒருவர் உட்கார்ந்து காலை நீவிவிட்டால் வெறும் நல்லெண்ணெயிலேயே பாதி வலி போகும் என்று எங்கள் வட்டத்துப் பாட்டி ஒருவர் சொன்னார். அந்த ஆய்வுக்கு அதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தெரியவில்லை.

மனசுக்கு?

எலியின் மனச்சோர்வை அளக்க, தப்பிக்க வழியில்லாத தண்ணீர் ஜாடியில் விடுவார்கள். நீந்தும், பிறகு நீந்துவதை விட்டு மிதக்கும். மிதக்கும் நேரம் குறைந்தால் மருந்து சோர்வைக் குறைக்கிறது என்று கணக்கு. 1977இல் வந்த முறை. கராச்சியில் செய்த ஆய்வுகளில், கருஞ்சீரக எண்ணெயைத் தொடர்ந்து கொடுத்த எலிகளின் மூளையில் செரோடோனின் கூடியது, மிதக்கும் நேரம் குறைந்தது. ஆனால் மிதப்பது நம்பிக்கை இழந்ததாலா, சக்தியை மிச்சம் பிடிக்கும் புத்தியாலா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. கிணற்றில் விழுந்த ஆடு கூடக் கொஞ்ச நேரத்தில் கத்துவதை நிறுத்திக்கொண்டு நிற்கும்.

வங்கதேசத்தில் 2014இல் 14 முதல் 17 வயதுள்ள 48 பையன்களிடம் பார்த்தார்கள். தினம் 500 மில்லிகிராம், நான்கு வாரம். மனநிலை நிலைப்பட்டது, பதற்றம் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் நலமாக இருந்த பையன்கள். மனச்சோர்வு என்ற நோயோடு இருப்பவருக்கு என்ன செய்யும் என்பது இதில் இல்லை. மகசூல் போய், கடன் ஏறி, தூக்கம் இல்லாமல் இருக்கும் ஒரு உழவர் நம்ம மேசைக்கு வந்து 'மன அழுத்தம் தீர்க்கும்' என்று படித்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்துப் பாருங்க. அவருக்கு வேண்டியது பேச ஆள், மருத்துவர், கடனுக்கு வழி. மூன்று சொல்லில் அந்த மூன்றையும் நாம் தள்ளிப்போட வைத்துவிடுவோம். கிழித்த லேபிளில் இந்த வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

நாங்கள் செய்து பார்த்தது

இவ்வளவும் படித்துவிட்டு எங்களுக்கும் ஆசை வந்தது. நல்லெண்ணெயில் கருஞ்சீரக எண்ணெய் கலந்து 'அ' பாட்டில், வெறும் நல்லெண்ணெய் 'ஆ' பாட்டில். யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தோம். முதல் நாளே முடிந்தது சோதனை. நீவிவிடுவது பற்றிச் சொன்ன அதே பாட்டி மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "இது சும்மா எண்ணெய், எனக்கு அதைக் கொடு" என்றார். அந்தக் காட்டமான மணத்தை மறைக்க இன்னொரு வாசனைப் பொருளைச் சேர்த்தால், அதுவே வலிக்கு ஏதாவது செய்யுமே என்ற பிரச்சினை. விட்டுவிட்டோம்.

இப்போது செய்வது சின்ன வேலை. எண்ணெய் தடவிப் பார்க்க விரும்புகிறவர் ஒரு நோட்டில் தினம் ராத்திரி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுத வேண்டும்; தொடங்குவதற்கு முன் இரண்டு வாரமும் எழுத வேண்டும். எண்ணெய் வேலை செய்கிறதா என்பதை இந்த நோட்டு நிரூபிக்காது. ஆனால் வலி ஏறுகிறது என்றால் அது சீக்கிரம் தெரியும், மருத்துவரிடம் காட்ட ஒரு கணக்கும் இருக்கும். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்கிறோம்; சிலருக்கு இந்த எண்ணெய் தோலில் தடிப்பும் அரிப்பும் கொடுக்கும். உள்ளுக்குச் சாப்பிடுவதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை. இது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கும் என்பதால் அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சமையலில் போடுவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது, தெரியாமலே மீறியிருந்தோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று லேபிளில் எழுதக் கூடாது. வாத நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருட மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. பூச்சிமருந்து விற்பவரிடம் "உன் பாட்டிலில் என்ன இருக்கு, யார் சோதிச்சா?" என்று எத்தனையோ கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறேன். என் பாட்டிலை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிட்டார். வீக்கம் இறங்கியிருக்கிறது, வலது கை நடுவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. சந்தைக்கு வருகிறார், காய்கறிப் பையை நாங்கள் வண்டிவரை கொண்டுபோய் வைக்கிறோம். எண்ணெய் இப்போது பழுப்பு நிறப் பாட்டிலில் வருகிறது. லேபிளில் இருப்பது: கருஞ்சீரக எண்ணெய், 100 மில்லி, மரச்செக்கில் ஆட்டியது, விதை வந்த மாவட்டம், ஆட்டிய தேதி. கீழே ஒரு வரி, கொஞ்சம் பெரிய எழுத்தில்: மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள்.